'எவனோ ஒருத்தன்' கட்சி: போருக்குப் பிந்தைய இத்தாலியில் ஓர் எழுச்சியும் சரிவும்

இத்தாலிய மொழியில் 'குவாலுன்குவிஸ்மோ' என்று ஒரு சொல் உண்டு. அரசியல்வாதிகள் எல்லாரும் ஒன்றுதான், யார் ஆண்டால் நமக்கென்ன என்று பேசுகிறவரை அந்தச் சொல்லால்தான் திட்டுவார்கள். வசவாகவே அகராதியில் ஏறிவிட்ட சொல். அது ஒரு கட்சியின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் கட்சிக்கு 1946-ல் 12 லட்சம் பேர் வாக்களித்தார்கள். இரண்டே ஆண்டில் அது இருந்த இடம் தெரியவில்லை.

இந்தக் கட்சியைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. அந்த 12 லட்சம் பேருடைய குறையில் உண்மை இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னவர் ஒருவர்தான். ஆனால் சொன்னதற்கு அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கட்சியின் கதை முழுக்க இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

கட்சியின் பெயர் 'வோமோ குவாலுன்குவே'. 'சாமானியன்' என்று மொழிபெயர்க்கலாம். 'எவனோ ஒருத்தன்' என்பது இன்னும் நெருக்கமாக இருக்கும்.

ரோமின் குமாஸ்தாக்கள்

1944 ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தன. நாட்டின் வடபாதி இன்னும் ஜெர்மானியர் கையில். அங்கே முசோலினி ஒரு பொம்மை அரசை நடத்திக்கொண்டிருந்தார். தெற்கிலும் ரோமிலும் பாசிசத்தை எதிர்த்த ஆறு கட்சிகள் விடுதலைக் குழு என்ற பெயரில் சேர்ந்து ஆட்சியில் அமர்ந்தன. ஊரில் ரொட்டிக்கு வரிசை, கள்ளச்சந்தை, விலையேற்றம். இதற்கு நடுவே 1944 ஜூலை 27-ல் ஓர் ஆணை வந்தது. பாசிச ஆட்சிக்குத் துணைபோனவர்களை அரசு வேலையிலிருந்து களையெடுக்க வேண்டும். அதற்கென ஓர் உயர் ஆணையம், அதன் தலைவர் கார்லோ ஸ்ஃபோர்சா.

நோக்கம் சரியானதே. இருபது ஆண்டு சர்வாதிகாரத்துக்கு யாராவது பொறுப்பேற்கத்தான் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், 1930-களில் அரசு வேலை வேண்டுமானால் பாசிசக் கட்சியின் உறுப்பினர் அட்டை வேண்டும். அப்போதே மக்கள் அதை 'ரொட்டி அட்டை' என்று சொன்னார்கள். கட்சிப் பெயரின் முதலெழுத்துகள் பி, என், எஃப். அதற்கு 'பேர் நெச்செசிட்டா ஃபாமிலியாரே', அதாவது குடும்பத் தேவைக்காக, என்று விரிவு சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட அட்டை வாங்கிய தபால் குமாஸ்தாவும், ஆட்சியோடு ஒட்டி உறவாடிச் சொத்துச் சேர்த்தவரும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நின்றார்கள். பெரியவர்களுக்கு வக்கீல் இருந்தார், தெரிந்தவர்கள் இருந்தார்கள். குமாஸ்தாவுக்கு யாருமில்லை.

ரோம் அமைச்சகங்களின் ஊர். எத்தனை ஆயிரம் குமாஸ்தா வீடுகளில் அந்தக் குளிர்காலத்தில் இந்தப் பயம் குடியிருந்திருக்கும் என்பதை யோசிக்காமல் இந்தக் கட்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜான்னீனி

குல்யெல்மோ ஜான்னீனி 1891 அக்டோபர் 14-ல் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்ஸுவோலியில் பிறந்தவர். அப்பா பத்திரிகைக்காரர், அம்மா ஆங்கிலேயர். நாடகம் எழுதுவார், படம் இயக்குவார். துப்பறியும் நாடகங்கள் அவருடைய கைவரிசை. ஆள் பருமன், ஒற்றைக் கண்ணாடி. பாசிசக் காலத்தில் எதிர்ப்பாளராகவும் இல்லை, பெரிய ஆதரவாளராகவும் இல்லை. தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோடிக்கணக்கானோரைப் போல.

அவருடைய மகன் மாரியோ 1942-ல் இராணுவப் பணியில் இருந்தபோது இறந்துபோனான். ஜான்னீனியின் அரசியல் அங்கேதான் தொடங்குகிறது. தன் பிள்ளையைக் கொன்றது முசோலினி மட்டுமல்ல என்று அவர் நினைத்தார். மேடையேறிக் கூட்டத்தை ஏவி, கூட்டத்தின் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கும் தலைவர்கள் என்ற வகையே கொன்றது. முசோலினி போய்விட்டார், அந்த இடத்துக்கு வேறு தலைவர்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கோபத்தை 'கூட்டம்' என்ற பெயரில் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். 1945-ல் அது வெளிவந்தது. ஆறாயிரம் ஆண்டுகளாகக் கொடுங்கோன்மையை எதிர்த்து நடக்கும் போராட்டம் என்பது அதன் துணைத் தலைப்பு. உலகில் இரண்டே வர்க்கம், கூட்டமும் தலைவர்களும். தலைவர்களை அவர் 'தொழில்முறை அரசியல்வாதிகள்' என்று வகைப்படுத்தினார்.

அப்படியானால் நாட்டை யார் நடத்துவது? அவருடைய விடை பிரபலமானது. ஒரு நல்ல கணக்கப்பிள்ளை போதும். ஜனவரி 1-ல் பொறுப்பேற்று டிசம்பர் 31-ல் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போய்விட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அவரை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது. அரசு என்பது நிர்வாகம். சாலை, தபால், வரி, காவல். கொள்கை, இலட்சியம், வரலாற்றுக் கடமை எல்லாம் அதன் வேலையில்லை.

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பது எளிது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் எழுதியது என்ற நினைவோடு படித்தால் சிரிப்பு வராது. வரலாற்றுக் கடமை என்று சொல்லித்தானே அந்தப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பினார்கள்.

பத்திரிகை

1944 டிசம்பர் 27-ல் 'வோமோ குவாலுன்குவே' வார இதழின் முதல் எண் ரோமில் வெளிவந்தது. அச்சிட்டது 25,000 பிரதி. அத்தனையும் விற்றது. 1945 மே மாதத்துக்குள் அச்சு 8.5 லட்சத்துக்குப் போய்விட்டது. காகிதத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய நாட்டில் இது பெரிய எண்ணிக்கை.

முகப்பில் பெரிய 'யு' எழுத்து. அதற்குள் ஒரு சின்ன மனிதனைப் பிழிபொறியில் வைத்து நசுக்குகிறார்கள். அவன் பையிலிருந்து காசுகள் கொட்டுகின்றன. எல்லாரையும் பார்த்துச் சலித்துப்போன ஆளின் பத்திரிகை இது, யாரும் தன் உயிரை வாங்காமல் இருந்தால் போதும் என்பதே அவனுடைய ஒரே ஆசை என்று இதழ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. 'எல்லாரும் ஒழிக' என்பது கோஷம்.

நாடகக்காரரின் மொழி அது. அன்றைய இத்தாலியக் கட்சிப் பத்திரிகைகள் பேராசிரியர் நடையில் எழுதிக்கொண்டிருந்தன. ஜான்னீனி சந்தையில் பேசுவதை அச்சில் ஏற்றினார். 'குளவிகள்' என்ற கிசுகிசுப் பத்தி, அரசியல்வாதிகளின் பெயர்களைத் திருகிக் கேலி. வின்சிகுவெர்ரா என்றால் போரில் வெல்பவன் என்று பொருள் வரும். அவரைப் பெர்டிகுவெர்ரா, போரில் தோற்பவன், ஆக்கினார். சால்வடோரெல்லி என்ற வரலாற்றாசிரியரைச் சேவகன் என்ற பொருள் வர செர்விடோரெல்லி என்றார். சட்ட அறிஞர் காலமாந்த்ரேயின் பெயரில் மலத்தைக் குறிக்கும் சொல்லைச் செருகினார்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடமும் இதுதான். கேலிக்கு ஆளானவர்களில் பலர் பாசிசத்தை எதிர்த்து வாழ்க்கையைப் பணயம் வைத்தவர்கள். 1945 ஜூனில் பிரதமரான ஃபெர்ரூச்சோ பார்ரி கெரில்லாப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர்; தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாத எளிய மனிதர். அவரை 'ஃபெஸ்ஸூச்சோ', மடையன், என்று வாரா வாரம் அடித்தார்கள். அதே ரோமில் 1944 மார்ச் 24-ல் ஆர்டியாட்டீனே குகைகளில் 335 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். எல்லாத் தலைவர்களும் ஒன்றே என்று சொல்லும்போது, உயிரைக் கொடுத்தவனும் உயிரை எடுத்தவனும் ஒரே தட்டில் வந்துவிடுகிறார்கள். ஜான்னீனி இதைக் கவனிக்கவில்லை. அவருடைய வாசகர்களில் ஒரு பகுதிக்கோ அதுதான் தேவைப்பட்டது. அட்டை வாங்கிய குமாஸ்தாவின் முதுகுக்குப் பின்னால் உண்மையான பாசிஸ்டுகளும் வந்து ஒளிந்துகொண்டார்கள்.

கட்சி ஆனது எப்படி

முதலில் கட்சி தொடங்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்றுதான் தெரிகிறது. வாசகர் கடிதங்கள் குவிந்தன, ஊர் ஊராக வாசகர் குழுக்கள் தாமே முளைத்தன. 1945-ல் அவர் லிபரல் கட்சியின் கதவைத் தட்டினார். அதன் மூத்த தலைவர் தத்துவவாதி பெனடெட்டோ குரோச்சே. என் கூட்டத்தை அப்படியே உங்களிடம் தருகிறேன் என்ற அளவுக்கு இறங்கிப் பேசினார். லிபரல்கள் ஏற்கவில்லை. கிசுகிசுப் பத்திரிகைக்காரரோடு சேர்வது அந்தக் கனவான்களுக்கு ஒவ்வவில்லை.

இந்த நிராகரிப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். தலைவர்கள் இருந்தும் தொண்டர் கூட்டம் இல்லாத கட்சி லிபரல் கட்சி. ஜான்னீனியிடம் கூட்டம் இருந்தது, அரசியல் தெரிந்த ஆட்கள் இல்லை. ஒன்று சேர்ந்திருந்தால் ஒரு நடுத்தர வலதுசாரிக் கட்சி உருவாகியிருக்கலாம். மூன்று ஆண்டு கழித்துச் சேர்ந்தார்கள். அப்போது இரண்டு பக்கமும் கை வெறுமையாகியிருந்தது.

1946 பிப்ரவரியில் ரோமில் முதல் மாநாடு. கட்சிகளே வேண்டாம் என்றவர்கள் 'சாமானியன் முன்னணி' என்று கட்சியானார்கள். ஜூன் 2-ல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். அதே நாளில் முடியாட்சியா குடியாட்சியா என்ற பொதுவாக்கெடுப்பும் நடந்தது. நாடே இரண்டாகப் பிளந்து நின்ற அந்தக் கேள்வியில் முன்னணி எந்தப் பக்கமும் நிற்கவில்லை. அதன் வாக்காளர்களில் பெரும்பாலோர் அரசர் பக்கம் சாய்ந்தவர்கள். ஆனால் கணக்கப்பிள்ளை தத்துவத்தின்படி அரசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே.

முடிவு: 12,11,956 வாக்கு, 5.3 சதவீதம், 556 இடங்களில் 30. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் பட்டியல் முறை என்பதால்தான் இத்தனை இடம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், லிபரல்களின் கூட்டணி ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாம் இடம். பார்ரி சில மாதம் முன்பு வரை இருந்த செயல் கட்சிக்குக் கிடைத்தது 7 இடம்தான். எதிர்ப்புப் போராட்டத்தின் மனச்சாட்சி என்று பேர் வாங்கிய கட்சி அது.

வாக்கு பெரும்பாலும் ரோமிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தது. காரணம் எளிது. வடக்கு 20 மாதம் ஜெர்மானியருக்குக் கீழே கிடந்து கெரில்லாப் போரைக் கண்டது. 1945 ஏப்ரலில் தன் கையாலும் விடுதலை பெற்றது. தெற்குக்கு அந்த அனுபவம் இல்லை. போர் வந்தது, நேசப் படை வந்தது, பசி வந்தது, பிறகு ரோமிலிருந்து வடநாட்டு அரசியல் வந்தது. 'வடகாற்று' என்றே அதைச் சொன்னார்கள். அந்தக் காற்றுக்குக் கதவை அடைத்தவர்கள் இவர்கள்.

உச்சம்

1946 நவம்பரில் ரோம் உட்படப் பல நகரங்களில் நகராட்சித் தேர்தல். ரோமில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கி, போப்பாண்டவரின் ஊரிலேயே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை மயிரிழையில் முந்தியது முன்னணி. ஐந்து மாதத்துக்கு முன் ரோமில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வாங்கிய வாக்கில் பாதிதான் இப்போது மிஞ்சியது. கம்யூனிஸ்டுகளோடு ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்ததற்கு நடுத்தர வர்க்கம் கொடுத்த அடி என்று எல்லாரும் படித்தார்கள். அந்தக் கட்சிக்காரரான பிரதமர் ஆல்சீடே டி காஸ்பெரியும் அப்படித்தான் படித்தார் என்று நினைக்கிறேன்.

உண்மையில் முன்னணி அன்றே அழிய ஆரம்பித்துவிட்டது. அது வெளியே தெரிய ஓர் ஆண்டு ஆயிற்று, அவ்வளவுதான்.

காலுக்குக் கீழே மண் சரிந்த விதம்

முதல் சரிவு உச்சத்துக்கும் முன்பே தொடங்கியது. 1946 ஜூன் 22-ல் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் நீதி அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பால்மிரோ டோக்லியாட்டி! களையெடுப்பு ஓய்ந்தது, வேலை போனவர்கள் திரும்பினார்கள். கொடுமை செய்தவர்கள் பலரும் அதே வாசல் வழியே வெளியே வந்தது வேறு வேதனை. குமாஸ்தாவின் பயம் தீர்ந்தது. பயம் தீர்ந்தவனுக்கு முன்னணி எதற்கு?

இரண்டாவது, 1946 டிசம்பர் 26-ல் பழைய பாசிஸ்டுகள் தங்களுக்கென்று இத்தாலியச் சமூக இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதுவரை சாமானியன் என்ற போர்வைக்குள் இருந்தவர்களுக்குச் சொந்த வீடு கிடைத்துவிட்டது.

மூன்றாவதுதான் பெரிது. டி காஸ்பெரி 1947 ஏப்ரலில் தன் அமைச்சரவையிடம், நாட்டில் மூன்று பெரிய வாக்குக் கட்சிகளுக்கு அப்பால் நான்காவதாக ஒரு கட்சி இருக்கிறது, பணமும் பொருளாதார பலமும் வைத்திருப்பவர்களின் கட்சி, அதைப் பகைத்துக்கொண்டு ஆள முடியாது என்ற பொருளில் பேசினார். மே மாதத்தில் ஆட்சியைக் கலைத்துக் கம்யூனிஸ்டுகளையும் சோஷலிஸ்டுகளையும் வெளியே விட்டு மே 31-ல் புதிய அமைச்சரவை அமைத்தார். ஜூன் 21 நம்பிக்கை வாக்கெடுப்பில் 274-க்கு 231 என்று தப்பினார். முன்னணியின் 30 சொச்சம் வாக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தால் அந்தக் கணக்கு நின்றிருக்காது.

முன்னணி நாட்டின் ஆட்சியையே தாங்கிப் பிடித்த நாள் அது. பதிலுக்கு என்ன கேட்டது? அமைச்சர் பதவி இல்லை, வரிச்சட்டத்தில் திருத்தம் இல்லை, குமாஸ்தாவுக்குச் சம்பள உயர்வு இல்லை. கேட்பதற்கென்று ஒரு பட்டியல் அதன் கையில் இருந்ததே இல்லை. உயிரை வாங்காதே என்பது சாமானியன் சொல்ல வேண்டிய வார்த்தைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எப்படிப் பேரம் பேசுவது?

அப்புறம் பணம். மாநாடு, அலுவலகம், தேர்தல் எல்லாவற்றுக்கும் வந்த பணத்தில் தொழிலதிபர்களின் பங்கு கணிசமானது. கம்யூனிஸ்டுகளைத் தடுக்க ஓர் ஆயுதம் என்றுதான் அவர்கள் முன்னணியைப் பார்த்தார்கள். ஜான்னீனியோ 1946 கடைசியிலும் 1947 தொடக்கத்திலும் டோக்லியாட்டியோடு பத்திரிகை வழியே மரியாதையாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவர் பார்வையில் அதில் முரண் இல்லை. எல்லாத் தலைவர்களும் ஒன்று என்றால் டோக்லியாட்டியோடும் பேசலாம். பணம் கொடுத்தவர்கள் மிரண்டார்கள். டி காஸ்பெரியே கம்யூனிஸ்டுகளை வெளியே தள்ளிவிட்ட பிறகு, நிலையில்லாத நாடகக்காரருக்குப் பணம் கொடுப்பானேன் என்ற கேள்வி வந்தது.

1947 இலையுதிர்காலத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றியது. டி காஸ்பெரி தன்னை ஓரங்கட்டுகிறார் என்று கோபப்பட்ட ஜான்னீனி ஆட்சியைக் கவிழ்ப்பேன் என்ற அளவுக்குப் பேசினார். இடதுசாரிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அக்டோபர் 4-ல் வாக்கெடுப்புக்கு வந்தது. அவருடைய சபை உறுப்பினர்களே அவர் பின்னால் வரத் தயாராக இல்லை. கடைசி நேரத்தில் பின்வாங்கினார், ஆட்சி பிழைத்தது. எதிர்க்கப்போகிறார் என்றதில் வலது பக்கம் நம்பிக்கை போயிற்று. எதிர்க்காமல் விட்டதில் மிச்ச மரியாதையும் போயிற்று. ஒரு வாரத்தில் ரோமில் மறுதேர்தல். ஓராண்டுக்கு முன் வாங்கிய வாக்கில் பாதி கூட மிஞ்சவில்லை. உறுப்பினர்கள் ஒரு பெரும் பகுதி பிரிந்து போனார்கள். ஆரம்பத்திலிருந்து கூட இருந்த எமிலியோ பாத்ரிஸ்ஸியும் போய்த் தனி இயக்கம் வைத்தார்.

வாசகர் படை

பணமும் பிளவும்தான் வீழ்ச்சிக்குக் காரணம் என்று நிறுத்திக்கொள்ளலாம். அது போதாது என்பது என் எண்ணம். கட்சிகள் பிளவுபடும், பணம் வற்றும். அதையும் தாண்டிப் பிழைத்த கட்சிகள் இத்தாலியிலேயே இருந்தன. கம்யூனிஸ்டுகளுக்குத் தொழிற்சாலையில் கிளை, ஊருக்கு ஒரு மன்றம், கூட்டுறவுச் சங்கம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு ஒவ்வொரு கிராமத்திலும் கோவில் இருந்தது, பாதிரியார் இருந்தார். முன்னணிக்கு இருந்தது பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துச் சிரித்து மனம் ஆறியவர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார். நோட்டீஸ் ஒட்டவோ, சந்தா வசூலிக்கவோ, பிரிந்து போகிறவனை வீடு தேடிப்போய்த் தடுக்கவோ ஆள் இல்லை. அரசியல் என்னைத் தொடாமல் இருக்கட்டும் என்று சேர்ந்தவரிடம் அரசியலுக்கு வா என்று எப்படிக் கேட்பது? ஜான்னீனிக்குமே அப்படிக் கேட்க வாய் வந்திருக்காது. கேட்டால் அவரும் ஒரு தலைவராகிவிடுவார்.

வடக்கின் பழைய போராளிகளும் இடதுசாரி அறிஞர்களும் இந்த மக்களைக் கையாண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். குமாஸ்தாவின் பயத்தைக் கேட்டு, அட்டை வாங்கியவனையும் ஆட்டம் போட்டவனையும் பிரித்துப் பார்க்க ஒரு நியாயமான முறையை 1944-லேயே வைத்திருந்தால், இந்த 12 லட்சத்தில் எத்தனை பேர் அவர்கள் பக்கமே வந்திருப்பார்கள்! அவர்கள் செய்தது, அந்த வாக்காளரின் பெயரையே வசவாக்கியது.

1948

ஏப்ரல் 18 தேர்தலில் லிபரல்களும் முன்னணியும் முன்னாள் பிரதமர் நிட்டியின் குழுவும் 'தேசியக் கூட்டு' என்று ஒன்றாக நின்றார்கள். பிப்ரவரியில்தான் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார்கள். அமெரிக்க உதவி ஒரு பக்கம், கோவில்களின் பிரசாரம் இன்னொரு பக்கம். கம்யூனிஸ்டுகளின் சிவப்பா, கத்தோலிக்கர்களின் வெள்ளையா என்ற ஒரே கேள்வி. அந்தத் தேர்தலில் எவனோ ஒருத்தனாக இருக்க யாருக்கும் துணிவில்லை. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 சதவீதம், கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து நின்ற இடதுசாரி மக்கள் முன்னணி 31. தேசியக் கூட்டுக்கு 3.8 சதவீதமும் 19 இடமும். அந்த 19-லும் பெரும்பங்கு லிபரல்களுக்கு. 1946-ல் தனித்தனியாக நின்று லிபரல் கூட்டணியும் முன்னணியும் சேர்த்து வாங்கியது 27 லட்சத்துக்கு மேல். இப்போது சேர்ந்து நின்று வாங்கியது 10 லட்சம்.

அதன் பிறகு கட்சி கலைந்ததைத் தனி நிகழ்ச்சியாக யாரும் கவனிக்கவில்லை. ஜான்னீனி பின்னாளில் டி காஸ்பெரியின் கட்சிப் பட்டியலிலும், அப்புறம் முடியாட்சிக் கட்சிக்காரர்கள் பட்டியலிலும் நின்று பார்த்தார். இரண்டிலும் தோற்றார். நாடகத்துக்குத் திரும்பினார். 1960 அக்டோபர் 13-ல் ரோமில் இறந்தார்; மறுநாள் அவருக்கு 69 நிறைந்திருக்கும்.